பாஸ்போர்ட்டுக்கு முன் சதுரங்கப்பட்டினம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு விரையும் கார்கள் மாமல்லபுரத்தில் இளநீருக்காக நிற்கும். அதைத் தாண்டிவிட்டால் அடுத்த காபி எங்கே என்பதுதான் கேள்வி. நடுவே கல்பாக்கத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் திரும்பினால் சதுரங்கப்பட்டினத்தின் டச்சுக் கோட்டை. வெள்ளைக்காரர் நாக்கில் அது ‘சட்ராஸ்’. செங்கல் மதில், தானியக் கிடங்குகள், யானை மேல் ஏறுவதற்கென்று கட்டிய மேடை, உள்ளே ஒரு கல்லறைத் தோட்டம். 1620 முதல் 1769 வரையிலான ஆண்டுகள் பொறித்த கற்கள் அங்கே கிடக்கின்றன. கப்பலும் கேடயமும் பூவேலையுமாகச் செதுக்கிய டச்சு எழுத்துகள்.

இங்கிருந்து கப்பலேறியது துணி. சதுரங்கப்பட்டினத்து நெசவாளர்கள் நெய்த மஸ்லினுக்கு ஐரோப்பாவில் விலை இருந்தது; சோழமண்டலக் கரையின் மற்ற துணிகளைக் கொடுத்துத்தான் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கிழக்குத் தீவுகளில் மிளகும் கிராம்பும் வாங்கியது. 1781-இல் கோட்டை பிரிட்டிஷாரிடம் விழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 17 அன்று இந்தக் கரைக்கு எதிரே பிரெஞ்சுக் கப்பற்படையும் பிரிட்டிஷ் கப்பற்படையும் மோதிக்கொண்டன. 1818-இல் ஊர் டச்சுக்காரருக்குத் திரும்பி வந்தது. 1825-இல் நிரந்தரமாகக் கைமாறியது.

மே மாதம் வந்தால் சென்னையிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாக ஆம்ஸ்டர்டாமுக்குப் போகிறார்கள். டியூலிப் தோட்டத்தில் படம், காற்றாலை முன்னால் படம், படகில் ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து எழுபது கிலோமீட்டரில் டச்சுக்காரர் விட்டுப்போன ஊர் ஒன்று இருப்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று செலவழித்துப் போகிற பயணம் ஏன் சில பேருக்கு ஆயுள் முழுக்கப் பேசக் கிடைக்கிறது, ஏன் சில பேருக்கு செல்போனில் ஆயிரம் படங்களாக மட்டும் மிஞ்சுகிறது என்பதற்கு விடை இந்த இடத்தில்தான் இருக்கிறது. போகிற நாட்டோடு தனக்கு என்ன தொடர்பு என்று முன்கூட்டியே யோசித்தவருக்கு அங்கே பார்க்க நிறைய இருக்கிறது.

மாமல்லபுரத்துக்கு வரும் வெளிநாட்டவரே இதற்குச் சாட்சி. கொரோனா காலமான 2021-22-இல் தொல்லியல் துறையின் கட்டணச் சின்னங்களில் வெளிநாட்டுப் பயணிகள் அதிகம் வந்த இடம் தாஜ்மகால் அல்ல, மாமல்லபுரம். ஏறத்தாழ ஒரு லட்சத்து 45 ஆயிரம் பேர். கையில் தடித்த வழிகாட்டிப் புத்தகத்தோடு அர்ச்சுனன் தபசு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிடும் ஆள் ஒருவர் அந்தக் கூட்டத்தில் எப்போதும் இருப்பார். பக்கத்தில் நம்மவர்கள் ஐந்து நிமிடத்தில் செல்ஃபி எடுத்து முடித்துவிட்டு வெண்ணெய் உருண்டைக் கல்லைத் தள்ளப் போயிருப்பார்கள். அவருக்கு வாய்த்த அந்த ஒரு மணி நேரம் இங்கே வந்த பிறகு கிடைத்ததல்ல. ஊரில் இருக்கும்போதே படித்துச் சேர்த்தது.

ஒரு லட்சம் மைல், ஒரே கேள்வி

தமிழில் பயண எழுத்து என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவர் ஏ.கே. செட்டியார். கோட்டையூர்க்காரர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில், காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு உதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் சுற்றி, ஐம்பதாயிரம் அடி படச்சுருளைச் சேர்த்தார். 1940-இல் படம் வெளிவந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

அவர் பயணத்தின் சூட்சுமம் தூரத்தில் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும் இறங்கும்போது அவரிடம் ஒரு கேள்வி இருந்தது: காந்தியைப் படம்பிடித்தவர் இங்கே யார், அந்தச் சுருள் எங்கே? அதைக் கேட்டுக்கொண்டு போன இடத்தில்தான் மனிதர்களும் நூலகங்களும் செய்தி நிறுவனங்களும் அவருக்குத் திறந்தன. சும்மா ஊர் பார்க்கப் போகிறவருக்கு ஹோட்டல்காரரும் டாக்ஸிக்காரரும்தான் பழக்கமாவார்கள்.

எல்லோரும் ஆவணப்படம் எடுக்கப் போவதில்லை. கேள்வி சின்னதாக இருந்தாலும் போதும். நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர் போகிற ஊரில் துணி அருங்காட்சியகம் இருக்கிறதா என்று பார்க்கலாம். மீன்பிடித் துறைமுகம், காய்கறிச் சந்தை, அரசுப் பள்ளி, பஸ் டிப்போ என்று தன் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கிற ஏதோ ஒன்று. பயணத்தில் ஒரு நாளை அதற்கு ஒதுக்கினால் மற்ற நாட்களும் உயிர் பெறும்.

சட்ராஸிலிருந்து கிளம்பும் கோடு

ஒரு மாதிரிக்கு, சதுரங்கப்பட்டினத்துக் கல்லறைக் கற்களையே கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கம்பெனி வேறு எங்கெல்லாம் கடை விரித்தது? விடை, தமிழர்கள் அதிகம் செலவில்லாமல் போகக்கூடிய நாடுகளின் பட்டியலாகவே வந்து நிற்கிறது.

முதலில் இலங்கை. சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம்; இப்போது யாழ்ப்பாணத்துக்கும் விமானம் உண்டு, நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் உண்டு. கப்பல் கடல் சீற்றக் காலத்தில் நிற்கும், தேதியைக் கேட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலி போகும் ரயிலில் வலப்பக்க ஜன்னலைப் பிடித்தால் வழியெங்கும் கடல் கூடவே வரும். காலிக் கோட்டைக்குள் இருக்கும் டச்சுச் சீர்திருத்த தேவாலயத்தின் தரையே கல்லறைக் கற்கள்தான். சட்ராஸைப் பார்த்துவிட்டுப் போனவருக்கு அந்தச் செதுக்கு வேலை உடனே அடையாளம் தெரியும். காலியில் 1911-இல் கண்டெடுத்த ஒரு கல்வெட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனத் தளபதி செங் ஹே 1409-ஆம் ஆண்டு தேதியிட்டு வெட்டிக் கொண்டுவந்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது. படித்துவிட்டுப் போகாதவர் கண்ணுக்கு அது இன்னொரு கருங்கல்தான்.

அடுத்தது மலாக்கா. கோலாலம்பூரின் டி.பி.எஸ். பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரம். 1641-இல் போர்ச்சுகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்த துறைமுகம். சதுக்கத்தில் 1753-இல் கட்டிய சிவப்புத் தேவாலயம், மேலே குன்றில் இடிந்த தேவாலயச் சுவரில் சாய்த்துவைத்த கல்லறைக் கற்கள். பெரும்பாலானவர்கள் இதோடு திரும்பிவிடுகிறார்கள். பத்து நிமிடம் நடந்தால் ஒரே தெருவில் பொய்யாத விநாயகர் கோயில், கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில். விநாயகர் கோயில் டச்சுக்காரர் கொடுத்த மனையில் 1781-இல் எழுந்தது. சட்ராஸ் கோட்டையை அதே கம்பெனி இழந்த ஆண்டும் அதுதான். காஜா பெராங் பகுதியில் மலாக்கா செட்டிகள் வாழ்கிறார்கள். சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழியினர். வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது சிவனை. கோலாலம்பூரிலிருந்து காலையில் வந்து சாயங்காலம் திரும்பும் பயணத்தில் இவர்களைப் பார்க்க முடியாது. மலாக்காவில் ஓர் இரவு தங்குவதற்கு அதுவே போதுமான காரணம்.

ஜகார்த்தாவைப் பலரும் பாலிக்குப் போகும் வழியில் விமான நிலையத்தோடு கடந்துவிடுகிறார்கள். டச்சுக்காரரின் பட்டாவியா அது. 1710-இல் திறந்த அவர்களுடைய நகர மாளிகை இன்று வரலாற்று அருங்காட்சியகம். தனா அபாங்கில் துணிகளுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. திங்கட்கிழமை போய் நிற்கக் கூடாது, அன்று விடுமுறை.

கடைசியில் நெதர்லாந்து. ஹேக் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் டச்சுக் கம்பெனியின் ஏடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. யுனெஸ்கோ 2003-இல் இந்த ஆவணங்களை உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. பல லட்சம் பக்கங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். சட்ராஸ் என்று வீட்டிலிருந்தபடியே தேடிப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட்டைப் பார்க்க நெரியும் கூட்டம், அங்கேயே ஆசியப் பிரிவில் நிற்கும் சோழர் காலத்து நடராசரிடம் வருவதில்லை. ஐந்தடி உயரச் செப்புத் திருமேனி. அவரோடு தனியாக நிற்பதற்குத் தஞ்சாவூரில்கூட இவ்வளவு அமைதி கிடைக்காது.

பெயரில் தொடங்கும் சிக்கல்

காகித வேலைக்கு வருவோம். தமிழர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியலைச் சுருக்கமாகப் போட முடியாது, விரித்தே எழுத வேண்டும். சிலர் குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது பலர் தவித்துப் போனார்கள். பிறகு கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் சரி என்று தளர்த்தினார்கள். அமெரிக்க விசாவிலோ அந்தக் கட்டம் காலியாக இருந்தால் ‘எஃப்.என்.யு.’ (முதல் பெயர் தெரியாது) என்று மூன்று எழுத்து முளைத்துவிடும். புதிதாக எடுப்பவர்களும் புதுப்பிப்பவர்களும் தந்தை பெயரையோ தன் பெயரையே பிரித்தோ இரண்டு கட்டங்களையும் நிரப்பிவிடுவது நல்லது. செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்களுக்குத் தாம்பரத்தில் பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. விமான டிக்கெட்டில் பெயர் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும்; வீட்டுப் பெயரையும் பட்டப் பெயரையும் அங்கே கொண்டுபோகக் கூடாது.

பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. பயண நாளன்று விமான நிலையத்தில் இதைக் கண்டுபிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஐரோப்பாவின் ஷெங்கன் விசா 29 நாடுகளுக்கு ஒன்று. ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் எந்த நாட்டில் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏப்ரலில் விழித்துக்கொண்டால் சென்னையில் விசா மையத்தில் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் படமும் பதியும் முறை வந்திருக்கிறது. முதல் முறை வரிசை நீளும். இணைப்பு விமானத்துக்கு இடைவெளி தாராளமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆப்பிரிக்க சஃபாரிக்குப் போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறந்துவிடுகிறார்கள். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுளுக்கும் போதும்.

நாள் பார்ப்பது

நம் பள்ளி விடுமுறையும் உலகத்தின் பருவங்களும் ஒத்துப்போவதில்லை. சினிமாப் பாட்டுகளில் பார்த்த கியூக்கன்ஹாஃப் டியூலிப் தோட்டம் மார்ச் மூன்றாம் வாரம் திறந்து மே இரண்டாம் வாரத்துக்குள் மூடிவிடும். பரீட்சை முடிந்து, ரிசல்ட் பார்த்து, மே கடைசியில் கிளம்பும் குடும்பத்துக்கு அங்கே பூ இல்லை. டிக்கெட் போட்டுவிட்டு இதைத் தெரிந்துகொண்டு என்ன பயன்?

ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் ஒளிந்து வாழ்ந்த வீட்டுக்கு வாசலில் டிக்கெட் கிடையாது. ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அந்த ஊர் நேரம் காலை பத்து மணிக்கு, ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்கான டிக்கெட்டை இணையத்தில் திறக்கிறார்கள். நமக்கு அது கோடையில் பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. தத்கால் டிக்கெட் எடுத்துப் பழகிய கைகளுக்கு இது பெரிய வித்தை இல்லை. லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருப்பது போல. ஊருக்கு ஊர் மாறும் இந்த விடுமுறைகளை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு அதன்பிறகு நாட்களை அடுக்கினால் பாதி ஏமாற்றம் தவிரும்.

வயிறும் பையும்

சைவர்கள் ‘காய்கறிதானே’ என்று நம்பிவிடக் கூடாது. மலேசியாவில் கீரைப் பொரியலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். தாய்லாந்தில் மீன் சாறு எல்லாவற்றிலும் உண்டு. இலங்கைத் தேங்காய்ச் சம்பலில் மாசிக்கருவாடு இருக்கலாம். கேட்கும்போது ‘சைவமா?’ என்று நிறுத்தாமல், ‘மீன், இறால், கருவாடு எதுவும் சேர்க்காமல்’ என்று பிரித்துச் சொன்னால்தான் சமையற்கட்டுவரை செய்தி போகும். அதே சமயம், பத்து நாளும் இந்திய உணவகத்திலேயே சாம்பார் தேடுகிறவர்கள் அந்த ஊரில் பாதியைப் பார்க்காமல் வருகிறார்கள் என்றே சொல்ல வேண்டும். காலை உணவை அந்த ஊர்க்காரர் போல, இரவுச் சாப்பாட்டை நம்மூர் போல என்று பங்கிட்டுக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற சமரசம்.

அம்மா கட்டிக் கொடுக்கும் பொட்டலத்தில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கசகசாவை அமீரகம், சவூதி அரேபியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகள் போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பார்க்கின்றன. குருமாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். கொப்பரைத் தேங்காய் எண்ணெய் நிறைந்தது, தீப்பிடிக்கும் என்பதால் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். மிளகாய் ஊறுகாய் கைப்பையில் போகாது. பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில் மட்டுமே போகும்.

பணத்தில் ஒரு சின்ன எச்சரிக்கை. கடையில் கார்டு தேய்க்கும்போது, ‘ரூபாயில் கட்டலாமா, யூரோவிலா?’ என்று இயந்திரம் அன்பாகக் கேட்கும். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த விலைக்கு நம் பணம் மாறும். எப்போதும் அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இலங்கை, சிங்கப்பூர், அமீரகம் போன்ற இடங்களில் குறிப்பிட்ட கடைகளில் யு.பி.ஐ. செல்லும். நெதர்லாந்தில் ரயில், டிராம், பஸ் எல்லாவற்றிலும் சாதாரண வங்கிக் கார்டையே தட்டி ஏறலாம். இறங்கும்போதும் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் கூடுதலாகப் பிடித்துக்கொள்வார்கள்.

ஏழு நாடு, பத்து நாள்

சமையல்காரரையும் கூட்டிப்போகும் குழுச் சுற்றுலாக்களைக் கிண்டல் செய்வது சுலபம். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள், முழங்கால் வலிக்காரர்கள், ஆங்கிலம் பேசத் தயங்குகிறவர்கள் ஆகியோருக்கு அது பெரிய உதவி. பெட்டி தூக்க ஆள், மூன்று வேளைச் சாப்பாடு, வழி தவறினால் தேட ஒருவர். குறை வேகத்தில்தான். நாளுக்கு ஐந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்து, பாதி நேரம் தூங்கி, வாசலில் இறக்கிவிடும் நினைவுப்பொருள் கடையில் நாற்பது நிமிடம். ஆகவே பதிவு செய்வதற்கு முன் நாள்வாரியான நிரலைக் கேட்டு வாங்கி, ஒரே ஊரில் தொடர்ந்து எத்தனை இரவு என்பதை எண்ணிப் பார்க்கலாம். இரண்டு இரவுக்குக் குறைந்த ஊர்கள் அதிகமாக இருந்தால் வேறு நிறுவனத்தைப் பார்க்கலாம். ‘வெளியிலிருந்து பார்த்தல்’ என்று நிரலில் எழுதியிருந்தால் உள்ளே கூட்டிப்போக மாட்டார்கள் என்று பொருள். குழுவோடு போனாலும் ஓய்வு நாள் ஒன்றைக் கேட்டு வாங்கித் தனியே டிராம் ஏறிப் பார்க்கலாம்.

போன இடத்தில் பெயர் எழுதும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம்மவர் மட்டும் செய்கிற காரியம் இல்லை அது. சட்ராஸிலிருந்து சற்றுத் தூரத்தில் திருக்கழுக்குன்றம். அங்கே மலைமேல் இருக்கும் ஒருகல் மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கல்லில் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் செய்தது இன்று ஆய்வாளர்களுக்கு ஆதாரம். இன்று ரோமின் கொலோசியத்தில் அதைச் செய்கிறவருக்கு அபராதமும் வழக்கும் காத்திருக்கின்றன.

திரும்பி வந்த பிறகும் இரண்டு வேலை பாக்கி. சுற்றுலா நிறுவனம் கட்டணத்தோடு வசூலித்த டி.சி.எஸ். வரி தொலைந்துபோன பணம் அல்ல. வருமான வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம், வரி வரம்புக்குள் வராதவர்கள் திரும்பப் பெறலாம். படிவம் 26ஏஎஸ்-இல் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் நிறுவனத்தை விரட்ட வேண்டும். அடுத்தது உடம்பு. வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எந்த நாட்டுக்குப் போய் வந்தோம், எங்கே கொசு கடித்தது என்பதை டாக்டர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மலேரியாவைச் சளிக்காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்கும் நாட்கள் ஆபத்தானவை.